ஜீவனாம்சம் வரவில்லை என்றால் குழந்தையை அனுப்பாமல் நிறுத்தலாமா?

அடுத்த கேள்வி, திண்டுக்கல்லில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். போன வருடம் மியூச்சுவலில், அதாவது இருவரும் சம்மதித்து, விவாகரத்து ஆகிவிட்டது. ஏழு வயதுப் பெண் குழந்தை இவரிடம் வளர்கிறாள். குழந்தைக்காக அப்பா மாதம் 12,000 ரூபாய் தர வேண்டும், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் குழந்தையைக் கூட்டிப் போகலாம் என்று பேசி முடித்து, தீர்ப்பிலும் அது ஏறிவிட்டது. இப்போது மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசலில் வந்து நிற்கிறார். "பணம் தராதவருக்குப் பிள்ளையை எதற்கு அனுப்ப வேண்டும், நிறுத்திவிடலாமா மேடம்?" என்று கேட்கிறார்.

நிறுத்தாதீர்கள் அம்மா. உங்கள் கோபம் நியாயமானது. ஸ்கூல் பீஸ், வேன் காசு, காய்ச்சல் வந்தால் டாக்டர் செலவு எல்லாவற்றையும் ஒரே ஆளாக இழுத்துக்கொண்டு இருக்கிறீர்கள். அவர் புது வண்டியில் வந்து இறங்கினால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் சட்டத்தில் பணம் ஒரு கணக்கு, குழந்தையைப் பார்ப்பது வேறு கணக்கு. இரண்டையும் நேர் செய்துகொள்ள முடியாது. அப்பாவுக்கும் இதேதான். "குழந்தையைக் காட்டவில்லை, அதனால் பணம் தரமாட்டேன்" என்று அவர் சொன்னாலும் கோர்ட் ஏற்காது. ஏனென்றால் அந்த 12,000 ரூபாயும் அந்த ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் இருவருடையதும் இல்லை. இரண்டும் அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியவை.

நீங்கள் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். இன்றைக்குத் தவறு முழுக்க அவர் பக்கம் இருக்கிறது. இரண்டு ஞாயிறு குழந்தையை அனுப்பாமல் விட்டால், தீர்ப்பை மீறியது நீங்கள் என்று ஆகிவிடும். இந்து திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவில், விவாகரத்து முடிந்த பிறகும் குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவை மாற்றச் சொல்லி மனு போடலாம். அவர் போடுவார். "அம்மா பிள்ளையை என்னிடம் இருந்து பிரிக்கிறார்" என்பார். கோர்ட் அதை லேசாக எடுத்துக்கொள்ளாது. உங்கள் மூன்று மாதப் பாக்கியை அங்கே யாரும் பேசமாட்டார்கள்.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் நடத்திய வழக்கு ஒன்றில், பதினொரு மாதம் கழித்து அப்பா மகளைப் பார்த்தார், கோர்ட் வளாகத்திலேயே. பிறந்தநாளுக்கு என்று பட்டுப்பாவாடை வாங்கி வந்திருந்தார். பிரித்து அவள் இடுப்பில் வைத்துப் பார்த்தால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வருகிறது. அவர் மனதில் இருந்தது பழைய அளவு. அந்தக் குழந்தை பாவாடையை வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது. வாங்கிக்கொள்ளட்டுமா என்று கண்ணாலேயே கேட்கிறது. நான் அந்த அம்மாவின் வக்கீல். எனக்கே அன்றைக்கு மனசு சரியில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். தீர்ப்பில் ஏறிய தொகை என்பதால் நீங்கள் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. அதே குடும்ப நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடலாம். வக்கீல்கள் ஈ.பி. என்று சொல்வார்கள். அவர் மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தையே ஜப்தி செய்யக் கேட்கலாம். சாதாரணக் கடன் பாக்கி என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்க முடியாது. பராமரிப்புத் தொகைக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்கலாம். ஆபீசில் நேரடியாகப் பிடித்துக் கட்ட ஆரம்பித்தால், மாதா மாதம் உங்களிடம் சாக்குச் சொல்ல அவருக்கு வழி இருக்காது.

இன்னொரு வழி, பராமரிப்புத் தொகை கேட்கும் பழைய சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1-ல் இருந்து அது புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் 144-ஆவது பிரிவு ஆகிவிட்டது. எந்த மதத்தவரும் இதில் போகலாம். இதன்படி வாங்கிய உத்தரவை மீறினால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் போட முடியும். ஆனால் பணம் வர வேண்டிய தேதியில் இருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். "அவரே தருவார், பார்க்கலாம்" என்று இரண்டு வருடம் இருந்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். இந்த வழியில் பழைய மாதங்கள் போனது போனதுதான்.

அப்புறம், உங்கள் தீர்ப்பில் "மாதம் இரண்டு ஞாயிறு" என்று மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மியூச்சுவலில் எல்லோரும் செய்கிற தவறு இது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எந்த ஞாயிறு? காலை எத்தனை மணிக்கு, சாயங்காலம் எத்தனை மணிக்கு? யார் கொண்டுவந்து விடுவது? தீபாவளிக்கு யாரிடம், பொங்கலுக்கு யாரிடம், மே மாத லீவில் எத்தனை நாள்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த ஞாயிறுக்குப் பதில் எது? இதையெல்லாம் எழுதி, இரண்டு பேரும் சேர்ந்து மனு போட்டு உத்தரவாக வாங்கிக்கொள்ளலாம். போன் பேசுவதையும் சேருங்கள். 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது குழந்தையோடு பேச உரிமை வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இரவு ஏழரைக்கு வீடியோ கால் என்று எழுத்தில் இருந்தால், கண்ட நேரத்தில் போன் வருகிறது என்ற சண்டையும் உங்களுக்கு இல்லை.

2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவில், பிள்ளையைப் பார்க்க வரும் கணவரையோ மனைவியையோ விருந்தாளியாக நடத்துங்கள், டீ, பலகாரம் கொடுங்கள் என்றே சொன்னது. மேல்முறையீட்டில் அது பிறகு ரத்தாகிவிட்டது. நானும் உங்களை அவருக்கு விருந்து வைக்கச் சொல்லவில்லை. வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுவதைப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதற்காகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் குடித்துவிட்டு வருகிறார், அடிக்கிறார், குழந்தையை அவரிடம் விடவே பயமாக இருக்கிறது என்றால் கதை வேறு. அப்போதும் சும்மா நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே மனு போட்டு, இன்னொருவர் மேற்பார்வையில் மட்டும் பார்க்கட்டும் என்றோ, தற்காலிகமாக நிறுத்தச் சொல்லியோ கேளுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. பணம்தான் பிரச்சினை.

அதனால் வருகிற ஞாயிறு பிள்ளையை எப்போதும் போல அனுப்பி வையுங்கள். திங்கட்கிழமை வக்கீலைப் பாருங்கள். பீஸ் கொடுக்க முடியாத நிலை என்றால் உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். தீர்ப்பு நகலையும், அந்த மூன்று மாதம் பணம் ஏறவில்லை என்று தெரிகிற மாதிரி என்ட்ரி போட்ட பேங்க் பாஸ்புக்கையும் கையோடு எடுத்துப் போங்கள்.