பற்று நோட்டில் ஏறிய நகைக்கடை வாசகம்

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன மாதம் பேட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மா அரைக் கிலோ துவரம்பருப்பும் கொஞ்சம் நல்லெண்ணெயும் வாங்கி, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, சனிக்கிழமை தந்துருதேன், எழுதிக்கிடுங்க" என்றார். கடைக்காரர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தபடியே "நம்பிக்கை..." என்று இழுத்தார். "அதானே எல்லாம்!" என்று அந்த அம்மா முடித்தார். இரண்டு பேருமே சிரிக்கக்கூட இல்லை. நோட்டில் தொகை ஏறியது, அவர் படி இறங்கிப் போய்விட்டார்.

கல்யாண் ஜுவல்லர்ஸ் விளம்பரத்தில் நடிகர் பிரபு சொன்ன வரி அது. 1993-ல் திருச்சூரில் தொடங்கிய கடை. மலையாளத்தில் "விஸ்வாசம், அதல்லே எல்லாம்" என்று அங்கேயும் ஊர் வாயில் விழுந்துவிட்டது. பவுன் வாங்கச் சொல்லி எழுதிய வரி இங்கே பருப்புக்குக் கடன் சொல்ல உதவுகிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் அது விளம்பரம் என்பது போய் நம்ம பேச்சாகிறது. பக்கத்தில் அந்தப் பொருளே இல்லாதபோதும் அந்த வரியை வைத்து ஒரு காரியம் நடக்க வேண்டும்.

திரும்பத் திரும்பக் கேட்டால் எதுவும் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நிர்மா பாட்டை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்போம்! முழுப்பாட்டும் இப்போது கேட்டாலும் பாடுவோம், ஆனால் அதைச் சொல்லி இன்னொரு ஆளுக்கு ஒன்றையும் உணர்த்த முடியாது, பெயரை உருவிவிட்டால் அதில் மிச்சம் என்று ஏதும் இல்லை. லைஃப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். "லைஃப்பாய் எவ்விடமோ ஆரோக்கியம் அவ்விடமே". இது நம் பழமொழிக் கட்டு, "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்கிற மாதிரி இரண்டு பக்கமும் எடை சரியாக நிற்கும். அதனால் சோப்பை எடுத்துவிட்டு யாரை வேண்டுமானாலும் உள்ளே உட்கார வைக்கலாம். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கே வந்துவிடுகிற ஒருவரை எங்கள் தெருவில் "பந்தி எவ்விடமோ சித்தப்பா அவ்விடமே" என்றுதான் சொல்வோம்.

அப்புறம் அந்த உப்பு. "உங்க டூத்பேஸ்ட்ல உப்பு இருக்கா?" இந்தியிலும் இதே கேள்விதான், கோல்கேட் விளம்பரம். மொழிபெயர்த்து வந்த வரிகள் பெரும்பாலும் நம் வாயில் நிற்பதில்லை, வீட்டில் யாரும் பேசாத தமிழில் இருக்கும். இதுவோ பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரி சாதாரணமான கேள்வி. முன்பின் தெரியாத ஆள் திடுதிப்பென்று வந்து அதைக் கேட்டதால், சம்பந்தமில்லாமல் பேச்சின் நடுவே புகுகிறவனுக்கு அது பொருந்திப் போயிற்று. "ஏல, நீ என்ன டூத்பேஸ்ட்ல உப்பு இருக்கான்னு கேக்க வந்தியா?" என்றால் அவன் கப்சிப்.

ரேடியோ காலத்தை நான் விட முடியாது. உவரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இலங்கை வானொலி பக்கத்து வீடு மாதிரி, கடல் தாண்டித் தெளிவாகக் கேட்கும். கோபால் பல்பொடி விளம்பரத்தில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளை அடுக்குவார்கள். எங்கள் ஆச்சி பல் விளக்கியது என்னவோ வேப்பங்குச்சியில். ஆனால் யாராவது தன் பெருமையை நீட்டி முழக்கினால் ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே "சரிலே, இந்தியா இலங்கை மலேசியா சிங்கப்பூர்" என்பாள். பேசினவர் நிறுத்திவிடுவார்.

"திருநெல்வேலிக்கே அல்வாவா" பற்றி நான் பேசப் போவதில்லை, அது எந்த விளம்பரமும் இல்லாமல் வந்தது.

விளம்பர வரியை இங்கிலீஷில் ஸ்லோகன் என்கிறோமே, அந்தச் சொல்லே ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் போர்க்கூச்சலைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். 1999-ல் கார்கிலில் கேப்டன் விக்ரம் பத்ரா 5140 என்ற சிகரத்தைப் பிடித்ததும், வெற்றிச் சேதியாக அனுப்பியது "யே தில் மாங்கே மோர்", இந்த மனசு இன்னும் கேட்குது என்ற பெப்சி விளம்பர வரி. கடைத்தெருவுக்கு வந்த சொல் மறுபடி போர்க்களம் ஏறியிருக்கிறது. ஜூலை 7-ஆம் தேதி அந்தப் பிள்ளை உயிரை விட்டார், 24 வயது. எனக்கு அந்த வரியைக் கேட்டால் குளிர்பானம் ஞாபகம் வருவதே இல்லை.

பெர்சிவல் பாதிரியார் 1874-லேயே ஆறாயிரத்துக்கு மேல் தமிழ்ப் பழமொழிகளை அச்சில் கொண்டுவந்துவிட்டார். பேட்டை அண்ணாச்சி சொன்னதையும் ஆச்சி சொன்னதையும் யார் எழுதி வைத்திருக்கிறோம்? வாசலில் மேஜை மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். போகும்போது உங்கள் வீட்டில் புழங்குகிற ஒரு வரியை எழுதிவிட்டுப் போங்கள், யார் சொல்வார்கள், எந்தச் சமயத்தில் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து.