மூன்று புள்ளடி

வணக்கம் நேயர்களே. லண்டனில் நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் பறோ கவுன்சில் (உள்ளூராட்சி மன்ற) தேர்தலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் வாக்குச்சீட்டில் போடும் X அடையாளமான புள்ளடியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

2022 மே மாதத் தேர்தலில், வாக்கு எண்ணும் மண்டபத்தில் எண்ணுவதைப் பார்த்திருக்கும் முகவராக நின்றேன். எண்ணுகிறவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பார்க்கலாம், தொடக்கூடாது. மூன்று கவுன்சிலர் வட்டாரத்தில் ஒருவர் மூன்று புள்ளடி போடலாம். மூன்றும் ஒரே கட்சிக்கு விழுந்த சீட்டுகளைக் கட்டாக எண்ணிவிடுவார்கள். கலந்து விழுந்தவற்றை ஒருவர் பெயர் பெயராக வாசிக்க, மற்றவர் தாளில் கோடு கீறுவார். ஒற்றைப் புள்ளடிச் சீட்டுகளும் அதற்குள்தான் வரும். எத்தனையோ வந்தன.

இலங்கையில் நமக்குக் கட்சிக்கு ஒரு புள்ளடி, அப்புறம் மூன்று விருப்பு வாக்கு என்று பழக்கம். இங்கே கட்சிக்கென்று தனி வாக்கு இல்லை. வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர் என்றால் மூன்று பெயருக்குப் புள்ளடி போடலாம். மூன்றுக்கும் ஒரே மதிப்பு. நாலு போட்டால் சீட்டு செல்லாது. ஒன்று போட்டால் செல்லும்.

ஒற்றைப் புள்ளடியைப் பிழை என்று சொல்லமாட்டேன். நமக்கு வேண்டியவர் மூன்றாம் இடத்துக்கு இழுபறிப்படும்போது, நாம் போடும் மற்ற இரண்டுமே அவரைக் கவிழ்க்கலாம். தெரிந்து செய்தால் கெட்டித்தனம். ஆனால் அன்று வாசலில் ஓர் அக்கா, "ஒரு ஆளுக்கு ஒரு வாக்குத்தானே தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த வாக்களிப்பு முறை முன்னுக்கு நிற்கும் கட்சிக்கு அள்ளிக் கொடுக்கும். 2010இல் கிழக்கு லண்டன் நியூஹாம் பறோவில் 60 இடமும் லேபர் கட்சிக்கே. மற்றவர்களுக்கு விழுந்த ஆயிரக்கணக்கான வாக்குகளுக்கு ஒரு கதிரைகூட இல்லை. சீட்டில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருக்கும். ஒரே கட்சி மூவரில் மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் கூட விழுவது வழக்கம். அருணாசலம் கொடுத்துவைத்தவர். யோகராஜாவின் பாடு கஷ்டம்தான்.

சரி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லையே என்று ஒதுங்கியிருப்பவர்களுக்கு: விசாவோடு சட்டப்படி இங்கே வாழும் இலங்கை, இந்தியக் குடிமக்களும் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் வாக்காளர் பட்டியலில் பதியலாம். 2023 முதல் வாக்களிப்பு நிலையத்தில் படமுள்ள அடையாளம் கேட்கிறார்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும்.

உள்ளே பென்சில் வைத்திருப்பார்கள். மனம் ஒப்பாவிட்டால் உங்கள் பேனையைக் கொண்டுபோங்கள். இரவு பத்து மணிவரை திறந்திருக்கும்.