குழாய்த் தண்ணீருக்கு 2 யூரோ 40 சென்ட்: அக்காவோடு வியன்னாவில் ஒரு வாரக்கடைசி

வணக்கம் நண்பர்களே. வியன்னாவைப் பற்றிப் பேசுவதென்றால் அரண்மனைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் இந்த ரசீதைப் பற்றிப் பேசாமல் வேறு எதற்கும் போக என் மனம் ஒப்பவில்லை. கேமராவுக்கு அருகில் பிடிக்கிறேன், பாருங்கள். உணவகத்தின் பெயரை விரலால் மறைத்திருக்கிறேன். அந்த ஒரு கடையை ஊரறியத் தூற்றுவதில் எனக்கு விருப்பம் இல்லை, ஏனென்றால் அந்த நகரத்தில் இன்னும் பல கடைகள் இதையே செய்கின்றன. கீழேயிருந்து மூன்றாவது வரி: குழாய்த் தண்ணீர், அரை லிட்டர், 2 யூரோ 40 சென்ட். அதற்கு அடுத்த வரியிலும் அதுவே. அக்காவுக்கு ஒரு குடுவை, எனக்கு ஒரு குடுவை. புட்டித் தண்ணீர் இல்லை நண்பர்களே, குழாயைத் திறந்து பிடித்த தண்ணீர்.

நான் எங்கே போனாலும் இந்த எஃகு புட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும், விமான நிலையத்தில்கூட தண்ணீரை விலைக்கு வாங்க மறுப்பதும் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லண்டனில் இருந்து பழகியதால் இந்த எரிச்சல் எனக்கு இரட்டிப்பாகிறது. மது பரிமாற உரிமம் பெற்ற எந்த இடமாக இருந்தாலும், வாடிக்கையாளர் கேட்டால் குழாய் நீரை இலவசமாகத் தந்தாக வேண்டும் என்பது இங்கிலாந்தில் 2010 முதல் சட்டம். ஆஸ்திரியாவில் அப்படி இல்லை. விலை வைப்பதும் வைக்காததும் கடைக்காரரின் விருப்பம்.

அக்கா கோவையிலிருந்து வந்தாள். அவளுடைய ஷெங்கன் விசாவுக்காக நாங்கள் பட்ட பாட்டை முன்பே தனிக் காணொளியாகச் சொல்லிவிட்டேன், இங்கே மறுபடி வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை இருவரும் வியன்னா விமான நிலையத்தில் சந்தித்து, விலை கூடிய விரைவு ரயிலை விட்டுவிட்டு, சாதாரண எஸ்7 ரயிலில் ஊருக்குள் போனோம். சில நிமிடங்கள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். மிச்சமாகும் பணத்தில் இருவர் காபி குடிக்கலாம். அந்த விரைவு ரயிலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விடுதி அறைக்குள் நுழைந்ததும் அக்கா முதலில் செய்தது, முகம் கழுவும் தொட்டியின் குழாயைத் திறந்து, பல் துலக்க வைத்திருந்த கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்ததுதான். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாயிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவள் லண்டனுக்கு வந்திருந்தபோது, சுண்ணாம்பு கலந்த எங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதக் குடிச்சு எப்படிக் கண்ணு உசுரோட இருக்கறே?" என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். வியன்னாவில் அவள் குவளையை முழுவதும் குடித்தாள், இன்னொரு முறை பிடித்தாள், அதையும் குடித்தாள். "நம்ம சிறுவாணியாட்டவே இருக்குதடா" என்றாள். அவள் வாயிலிருந்து இதைவிட உயர்ந்த பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

அவள் சொன்னதில் ஊர்ப்பாசம் மட்டும் இல்லை, உண்மையும் இருக்கிறது. சிறுவாணி நீர் மலையிலிருந்து இறங்கி வருவதுபோலவே வியன்னாவின் தண்ணீரும் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் கிழக்கு ஓரத்தில் உள்ள ராக்ஸ், ஷ்னேபெர்க் மலைகளிலிருந்து முதல் குழாய்வழி 1873இல் நகரத்தை வந்தடைந்தது. ஊர் பெருகப் பெருக அது போதாமல் போனதால், ஷ்டைரியா மாநிலத்தின் ஹோக்ஷ்வாப் மலைப்பகுதியிலிருந்து இரண்டாவது குழாய்வழியை 1910இல் திறந்தார்கள். இந்த இரண்டாவது வழியின் நீளம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். இரண்டிலுமே மலையிலிருந்து நகரம் வரை ஓரிடத்திலும் பம்பு வைத்துத் தள்ளுவதில்லை; சரிவு ஒன்றையே நம்பி, தண்ணீர் தன் எடையால் இறங்கி வருகிறது. இரண்டாவது வழியில் வரும் நீர் நகரத்தை எட்ட ஏறத்தாழ 36 மணி நேரம் ஆகிறது. நான் இதைச் சொன்னதும் அக்கா விரல்விட்டு எண்ணினாள். சனிக்கிழமை நண்பகலில் நாங்கள் குடித்த தண்ணீர், வழியில் எங்கும் தேங்காமல் வந்திருந்தால், வியாழன் நள்ளிரவில் மலையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இந்தியாவில் விமானத்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு முந்தைய காலத்தில் வியன்னா மக்கள் வீட்டுக் கிணறுகளை நம்பி வாழ்ந்தார்கள். கழிவுநீர் கலந்த கிணறுகளால் டைபாய்டும் காலராவும் திரும்பத் திரும்ப வந்தன. அரச குடும்பத்துக்கு மட்டும் கவலை இல்லை: கைசர்புருன் என்ற மலை ஊற்றிலிருந்து குதிரைகளில் ஏற்றி அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அரசர்கள் மட்டும் குடித்த அதே ஊற்றுதான் பின்னால் முதல் குழாய்வழியின் தலைவாயிலாகி, ஊரில் உள்ள தையற்காரர் வீட்டுக்கும் சலவைக்காரர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஓர் அரண்மனையின் தங்கக் கூரையைக் காட்டிலும் இந்தச் செய்தி என்னை ஆழமாகத் தொடுகிறது.

நில்லுங்கள், முக்கியமான ஒருவரைச் சொல்லாமல் கடந்துவிட்டேன். இந்தத் திட்டத்துக்காகப் போராடியவர் எடுவார்ட் சூஸ் என்ற நிலவியல் பேராசிரியர். வியன்னாவின் மண்ணையும் அதனடியில் ஓடும் நீரையும் ஆராய்ந்து 1862இல் நூல் எழுதி, கிணறுகள் ஏன் நஞ்சாகின்றன என்று விளக்கினார். பிறகு நகர மன்றத்தில் உறுப்பினராகி, மலைநீரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாதாடி வென்றார். பள்ளிப் பாடத்தில் கோண்டுவானா என்ற பழங்காலப் பெருங்கண்டத்தைப் படித்திருப்பீர்கள். நம் மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலத்தை வைத்து அந்தக் கண்டத்துக்குப் பெயர் சூட்டியவரும் இவர்தான். பிறந்தது எங்கள் லண்டனில், 1831இல். இத்தனை பெரிய மனிதரைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரிகூட எழுதாமல், மொசார்ட் படம் போட்ட சாக்லேட்டுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சாக்லேட் எனக்குப் பிடிக்கவும் இல்லை.

ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில் ஒரு பெரிய நீரூற்று இருக்கிறது. 1873 அக்டோபரில் முதல் குழாய்வழி முடிந்ததைக் கொண்டாட, பேரரசர் பிரான்ஸ் ஜோசப் முன்னிலையில் அதைத் திறந்தார்கள். வட்டத் தொட்டியின் விளிம்பில் ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 சிறு தாரைகள் உண்டு. நடுவில் உயரமாகத் தண்ணீர் பீறிடுகிறது. நாங்கள் இருட்டிய பிறகு போனோம். விளக்கொளியில் தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருந்தது, காற்று திரும்பும்போதெல்லாம் திவலைகள் எங்கள் மேல் விழுந்தன. பின்னால் சோவியத் படையினரின் நினைவுத் தூண்வரிசை. அக்கா வீட்டுக்குக் காணொளி அழைப்பு போட்டு, அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் நீரூற்றைக் காட்டினாள்; அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டதை அவளுக்கு நினைவூட்ட நான் விரும்பவில்லை.

இப்போது உணவகத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மதியம், நடந்து களைத்து, பழைய நகரத்துக்குள் ஒரு கடையில் அமர்ந்தோம். அக்கா சைவம் என்பதால் ஷ்பெட்ஸ்லே கேட்டாள்: சிறு சிறு மாவுத் துண்டுகளை உருகிய பாலாடைக்கட்டியில் புரட்டி, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம் தூவி, வாணலியோடு கொண்டுவந்து வைத்தார்கள். நன்றாக இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் கேட்டோம், குழாய்த் தண்ணீரே போதும் என்றோம். ரசீது வந்தபோது அந்த இரண்டு வரிகளையும் பார்த்துவிட்டுப் பரிமாறியவரிடம் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: குவளை கழுவ வேண்டும், மேசைவரை கொண்டுவர ஆள் வேண்டும், பானம் வாங்காமல் தண்ணீர் மட்டும் குடிப்பவர்கள் பெருகிவிட்டதால் கடைக்கு வருமானம் குறைகிறது. விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இது அச்சாகியிருப்பதையும் காட்டினார். சட்டப்படி அவர் பக்கம் சரி, நான் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை, ஏன் என்று சொல்கிறேன். ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு நகராட்சி வாங்குவது ஒரு சில யூரோக்கள்தான். அதே தண்ணீர் ஒரு லிட்டருக்கு இங்கே கிட்டத்தட்ட 5 யூரோ. குவளை கழுவும் கூலியை உணவின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஷ்பெட்ஸ்லேவுக்கு 2 யூரோ கூட்டிப் போடுங்கள், நான் வாய் திறக்காமல் கொடுப்பேன். தண்ணீருக்கு என்று தனியாக ஒரு வரி போடும்போதுதான் நெஞ்சில் தைக்கிறது. இந்த நகரம் தன் குடிநீரைத் தனியாருக்கு விற்கக் கூடாது என்று 2001இல் தன் அரசமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. தெருக்களிலும் பூங்காக்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்களை வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பசித்து வந்து உட்கார்ந்தவருக்கு ஒரு குவளை தண்ணீரைக் கணக்கில் எழுதுவதா? "பந்தியில ஒக்காந்தவங்களுக்கு எலை போட்டதும் தண்ணி வெக்கோணும், அதுக்கப்பறம்தான் மத்ததெல்லாம்" என்று அக்கா கடையை விட்டு வெளியே வந்ததும் சொன்னாள். அவள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

இதே வியன்னாவில் காபிக்கடைகள் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். 1880இல் தொடங்கிய காபே ஷ்பெர்ல் கடைக்கு ஞாயிறு காலை போனோம். பில்லியர்ட்ஸ் மேசைகளும் சலவைக்கல் மேசைகளும், மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாள்களும் இருக்கும் கடை அது. மெலாஞ்ச் என்ற பால் நுரைக் காபி ஒன்று கேட்டால், நீள்வட்டமான வெள்ளித் தட்டில் காபிக் கோப்பை, அதன் பக்கத்தில் நிறைகுவளைத் தண்ணீர், குவளையின் வாய்மேல் கவிழ்த்து வைத்த கரண்டி, இவை எல்லாம் ஒன்றாக வருகின்றன. தண்ணீருக்குக் காசு கிடையாது. நாங்கள் குவளையைக் காலி செய்து பேசிக்கொண்டிருந்தபோது, பரிமாறியவர் கேட்காமலேயே புதிய குவளைகளை வைத்துவிட்டுப் போனார். காபி தீர்ந்து வெகுநேரமாகியும் எழுந்து போகச் சொல்லி யாரும் பார்வையால்கூட உணர்த்தவில்லை. வியன்னாவின் காபிக்கடைப் பண்பாட்டை 2011இல் யுனெஸ்கோவின் ஆஸ்திரிய மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பெருமைக்கு இந்த இரண்டாவது குவளை ஒன்றே போதுமான காரணம் என்பேன். காபியைப் பற்றி அக்காவின் கருத்து வேறு: டிகாக்‌ஷன் பத்தாது, பால் நுரை அதிகம். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஷோன்ப்ருன் அரண்மனைக்குள் நாங்கள் போகவில்லை. வரிசை நீளமாக இருந்தது, தோட்டம் இலவசம், அதுவே போதும் என்று திரும்பிவிட்டோம். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் புருகெல் என்ற பழைய ஓவியரின் படங்கள் இருக்கும் அறையில் மட்டும் நெடுநேரம் நின்றோம். அதில் ஒரு நாட்டுப்புறக் கல்யாண விருந்துப் படம்: கதவைக் கழற்றி அதன்மேல் தட்டுகளை அடுக்கி இருவர் தூக்கிவருகிறார்கள், முன்னால் ஒருவன் குடம் குடமாகப் பானம் ஊற்றுகிறான், தரையில் உட்கார்ந்த குழந்தை தட்டை வழித்து விரலைச் சப்புகிறது. அக்கா அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை.

அரசு ஓபரா அரங்கை இன்னும் சொல்லவில்லையே. இருக்கைகள் 200 யூரோவுக்கு மேலும் போகும் அந்த அரங்கில், நின்று பார்க்கும் சீட்டு எங்களுக்கு ஆளுக்கு 20 யூரோகூட ஆகவில்லை. முன்னால் உள்ள கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டால் இடம் நம்முடையது, வெளியே போய்வரலாம். நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலவே யாரும் அதைத் தொடுவதில்லை. அக்கா தன் பச்சைத் துப்பட்டாவை இரண்டு முடிச்சாகக் கட்டினாள். நடுவரிசையில், மேடைக்கு நேர் எதிரே, வெர்டியின் ஓபராவை முழுவதும் நின்று பார்த்தோம். இந்த வெற்றியை நினைத்தால் எனக்கு இப்போதும் மகிழ்ச்சி பொங்குகிறது.

வியன்னா போகிறவர்கள் கவனியுங்கள். தெருக்குழாய்களைக் குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள், ஆகவே ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் போங்கள். கையில் ஒரு காலிப் புட்டி கட்டாயம் வேண்டும். உணவகத்தில் உட்காருமுன் விலைப்பட்டியலில் லைட்டுங்ஸ்வாஸர், அதாவது குழாய்த் தண்ணீர், என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். விலை போட்டிருந்தால் எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள், இலவசமாகத் தருகிற கடைகளும் அங்கே நிறைய உண்டு. நின்று பார்க்கும் ஓபராச் சீட்டை எப்படி வாங்குவது என்பதை அடுத்த காணொளியில் விரிவாகச் சொல்கிறேன்.