ஸ்கெக்னெஸ் கடற்கரையில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ்: எதில் பொரித்தது என்று கேட்டு வாங்குங்கள்

வணக்கம் நண்பர்களே! காற்றுச் சத்தம் அதிகமாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், இது ஸ்கெக்னெஸ். இங்கிலாந்தின் கிழக்குக் கரை, எதிரே வட கடல். 1908-ல் ரயில்வேக்காரர்கள் இந்த ஊருக்கு ஒரு விளம்பரம் போட்டார்கள். குண்டாக ஒரு மீனவர் மணலில் துள்ளிக் குதித்து ஓடுவார். இந்தக் குளிர்காற்றையே பெருமையாகச் சொல்லி ஆள் பிடித்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்!

நான் தங்கியிருப்பது கொஞ்சம் வடக்கே, பட்லின்ஸ் விடுமுறைக் கிராமத்தில். பில்லி பட்லின் என்பவர் 1936-ல் தன் முதல் விடுமுறை முகாமாகத் திறந்தது இதைத்தான். போர்க்காலத்தில் கடற்படைப் பயிற்சித் தளமாகவும் இருந்தது. சரி, அது இருக்கட்டும், பசிக்கிறது.

பொட்டலத்தைப் பிரிக்கிறேன். ஆவி தெரிகிறதா? இது ஹேடக் மீன். தெற்கே போனால் பெரும்பாலும் காட் மீன் தருவார்கள். மேலோட்டை முள்கரண்டியால் தட்டுகிறேன், கேளுங்கள்... மொறுமொறு! பஜ்ஜி மாதிரி மாவில் தோய்த்துப் பொரிப்பதுதான், ஆனால் கடலை மாவு கிடையாது, மைதா. எண்ணெய் ஓட்டோடு நின்றுவிடும். உள்ளே மீன் தன் ஈரத்திலேயே வேகும். அதனால்தான் தொட்டவுடன் வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிகிறது. மசாலா ஒன்றும் கிடையாது. உப்பும் மால்ட் வினிகரும் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். போடாமல் சாப்பிட்டுவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், முக்கியமான விஷயம். இந்த ஊர் இருக்கிற லிங்கன்ஷயர், யார்க்‌ஷயர் பக்கம் பல கடைகளில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். பீஃப் டிரிப்பிங் என்பார்கள். சிப்ஸும், அதாவது தடியாக நறுக்கிய உருளைக்கிழங்கும், அதில்தான். "நான் சைவம், சிப்ஸ் மட்டும் போதும்" என்று வரிசையில் நிற்பவர்களும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன, நான் வாங்கிய கடையும் அதில் ஒன்று. ஆனால் கொழுப்பில் பொரித்தால்தான் ருசி என்று சண்டைக்கே வருவார்கள் இந்த ஊர்க்காரர்கள்!

சிப்ஸ் தடி தடியாக, உள்ளே மெத்தென்று இருக்கும். பொட்டலத்தை மூடி அறைக்கு எடுத்துப் போனால் ஆவியிலேயே வேர்த்து எல்லாம் நமத்துவிடும். மீனின் மேலோடும் சேர்த்துத்தான். அதனால் குளிரானாலும் இங்கேயே, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். முதுகுப் பக்கம் திறந்திருந்தால் கடற்காகம் பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதைப் பிடுங்கிப் போய்விடும்.

இந்தப் பச்சைக் கூழ் மஷி பீஸ். காய்ந்த பெரிய பட்டாணியைச் சோடா உப்பு போட்டு இரவெல்லாம் ஊறவைத்து, குழையக் குழைய வேகவைப்பது. பார்க்க ஒரு மாதிரி இருக்கும், வினிகர் ஊற்றினால் பிடித்துப்போகும். எனக்குப் பிடித்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாவற்றுக்கும் ரேஷன் போட்ட அரசு மீனையும் உருளைக்கிழங்கையும் விட்டுவைத்தது. இதை நிறுத்தியிருந்தால் ஜனங்கள் என்ன பாடுபடுத்தியிருப்பார்களோ!

ஒரு பெரிய மீன் இரண்டு பேருக்குத் தாராளம். நான் தனியாக வாங்கிவிட்டேன், ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். கேமராவை அணைக்கிறேன்.