ஆடிய ரேம் பேக்கும் ஒட்டிக்கொண்ட ஹார்டு டிஸ்க்கும்

வணக்கம். வீட்டுக் கணினிகள் வந்த புதிதில், கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிய நினைவகமும் ஹார்டு டிஸ்க்கும் எந்த அளவுக்கு நம்பும்படி இருந்தன என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கருவிகளைத் திறந்து சரிபார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ரேம் போச்சு", அதாவது நினைவகம் போச்சு என்று ஒதுக்கிப் போட்ட எத்தனையோ கருவிகளில் ரேம் சிப்கள் நன்றாகத்தான் இருந்தன. போனது, ஒன்றோடு இன்னொன்று சேருகிற இடம். இதை இன்று திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

உங்கள் வீட்டு டிவி ரிமோட் திடீரென்று வேலை செய்யவில்லை. என்ன செய்வீர்கள்? பின்மூடியைக் கழற்றி, பேட்டரியைக் கட்டைவிரலால் இரண்டு உருட்டு உருட்டுவீர்கள். உடனே சேனல் மாறும். உருட்டியதால் பேட்டரியில் சக்தி ஏறிவிடவில்லை. முனையில் படிந்திருந்த மெல்லிய ஆக்சைடு உரசலில் விலகியது, அவ்வளவுதான். அந்த உருட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

1981 மார்ச். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துச் சின்க்ளேர் நிறுவனம் இசட் எக்ஸ் 81 என்ற சின்னக் கறுப்புக் கணினியைக் கொண்டுவந்தது. விலை 69 பவுண்டு 95 பென்ஸ். பாகங்களை வாங்கி நீங்களே சேர்த்துக்கொள்வதானால் 49 பவுண்டு 95. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கும் கணினி எட்டட்டும் என்று போட்ட விலை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. ஆனால் உள்ளே இருந்த நினைவகம் 1 கிலோபைட். நான் இப்போது பேசுவதை இன்றைய கணினியில் தமிழில் தட்டச்சு செய்தால், நீளமான ஒரு பத்திகூட அந்த 1 கிலோபைட்டுக்குள் அடங்காது.

ஆகவே 16 கிலோபைட் ரேம் பேக் ஒன்றைத் தனியாக விற்றார்கள். ஆரம்ப விளம்பரத்தில் அதன் விலையும் 49 பவுண்டு 95 தான். கணினியின் முதுகில் ஒரு திறப்பு. அதற்குள் சர்க்யூட் போர்டின் விளிம்பு. ரேம் பேக்கின் வாயை அந்த விளிம்பில் செருக வேண்டும். திருகாணி கிடையாது, கொக்கி கிடையாது. சொருகினால் நிற்கும், தொட்டால் ஆடும்.

விசைப்பலகையோ தட்டையான பிளாஸ்டிக் தாள். விசைகள் எழும்பி இறங்காது, விரலால் அழுத்தித்தான் அடிக்க வேண்டும். அழுத்துகிறீர்கள், கணினி மேஜையில் மயிரிழை நகர்கிறது, பின்னால் இருக்கிற பேக் லேசாகத் தலையாட்டுகிறது, ஒரு கணம் தொடர்பு விட்டுப்போகிறது. திரையில் கோடுகோடாக ஏதோ வரும். அல்லது கணினி ஒன்றுமே நடக்காதது போல ஆரம்பத்துக்குப் போய் நிற்கும். நீங்கள் அடித்ததெல்லாம் போயிற்று.

ஒரு கணம்தானே, அதற்கா இத்தனை சேதம் என்று கேட்கலாம். அந்தப் பேக்கில் இருந்தது டைனமிக் வகை நினைவகம். ஒவ்வொரு துணுக்குத் தகவலும் மிகச் சிறிய மின்னேற்றமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். 2 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் தொட்டுப் புதுப்பித்தாக வேண்டும். அந்தக் கணினியின் இசட் 80 செயலி அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டே இருக்கும். அதற்கான கட்டளை, முகவரி, தகவல், மின்சாரம் எல்லாம் போக ஒரே வழி அந்த ஆடுகிற விளிம்புதான். சிப்பில் குறையே இல்லை. மறுபடி சொல்கிறேன், சிப்பில் குறையே இல்லை.

சேமிப்பதென்றால் கேசட் டேப்பில். 16 கிலோபைட்டையும் பதிவு செய்ய ஆறேழு நிமிடம் ஆகும். அதனால் பலரும் நடுவில் சேமிக்க மாட்டார்கள். பத்திரிகையில் அச்சான நிரலைப் பார்த்துப் பார்த்து ஒரு பையன் மத்தியானம் முழுக்க அடிக்கிறான். கடைசி வரிக்கு வரும்போது திரை வெளுத்துப் போகிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் தாங்கள்தான் ஏதோ தவறாக அடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை.

அங்கே இதற்கு 'ரேம் பேக் வாபிள்', அதாவது ரேம் பேக் ஆட்டம், என்றே பெயர் வைத்துவிட்டார்கள். களிமண் போல உருட்டக்கூடிய ஒட்டுப்பசையை நடுவில் வைத்தார்கள், டேப் சுற்றினார்கள், கணினியையும் பேக்கையும் சேர்த்து ஒரே பலகையில் திருகி முடுக்கினார்கள். மெமோடெக் என்ற நிறுவனம் கணினியின் முதுகோடு படிந்து உட்காரும் வடிவிலேயே பேக் செய்து விற்றது. இந்த வைத்தியம் எதிலும் யாரும் சிப்பைத் தொடவில்லை, கவனியுங்கள்.

இப்போது ரிமோட்டுக்கு வருகிறேன். பலமாக உருட்டினால் ஆக்சைடு விலகும். ஆனால் வெள்ளீயம் பூசிய தொடுமுனைகள் நூலளவு மட்டும் உரசிக்கொண்டே இருந்தால், அதற்கு நேர்மாறாக, உரசுகிற இடத்தில் ஆக்சைடு சேரும். ஆட்டம் நின்ற பிறகும் தொடர்பு சரியாக வராது. நம்மூர் சர்வீஸ் கடைகளில் பையன்கள் ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் அந்த விளிம்பைத் தேய்த்துத் திரும்ப மாட்டுவார்களே, அந்தக் கைவைத்தியத்துக்குக் காரணம் இதுதான். அரைகுறை வேலை என்று அதை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். சரியான இடத்தைத்தான் தேய்க்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். 1982-இல் அதே நிறுவனம் விட்ட 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் என்ற கணினியில், செலவைக் குறைக்க, பாதி பழுதான சிப்களைப் போட்டார்கள். 64 கிலோபிட் சிப்பில் ஒரு பாதி தேறவில்லை என்றால் அதை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். எந்தப் பாதி நல்லது என்று கணினிக்குச் சொல்ல உள்ளே ஒரு சிறு கம்பி இணைப்பு. பாதி செத்த சிப்! நான் திறந்து பார்த்த ஸ்பெக்ட்ரம்களில் அந்தச் சிப்கள் இன்றும் ஓடுகின்றன. அதே கணினியின் மற்ற 16 கிலோபைட்டில் சிப்கள் சாவது உண்டு. அவற்றுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் என்று மூன்று வகை மின்சாரம் வேண்டும். மைனஸ் 5 மட்டும் நின்றுபோனால் சிப் சூடேறிச் செத்துவிடும். அங்கேயும் பழுது தொடங்குவது மின்சாரம் கொடுக்கிற பகுதியில்.

சரி, ஹார்டு டிஸ்க். நேரம் ஓடிவிட்டது, வேகமாகச் சொல்கிறேன். 1980-இல் சீகேட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல அளவில் 5 மெகாபைட் டிஸ்க் கொண்டுவந்தது. பிறகு 20 மெகாபைட் பரவலானது. இதில் சேருகிற இடம் வேறு மாதிரி: தட்டு நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும், தகவலை எழுதிப் படிக்கும் தலை அதைத் தொடாமல் காற்றில் மிதக்க வேண்டும். கரண்ட் போனால் தலை இருந்த இடத்திலேயே தட்டில் இறங்கிவிடும். அதனால்தான் நிறுத்துமுன் 'பார்க்' என்று ஒரு கட்டளை கொடுத்து, தகவல் இல்லாத உள்வட்டத்துக்குத் தலையைக் கொண்டுபோகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பை வாசலில் கழற்றியவர்களுக்கு இதுவும் ஞாபகம் இருக்கும். நம்மூர் மின்வெட்டு அந்தக் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் தட்டுகள் இன்னும் வழவழப்பாயின. நிறுத்தி வைத்து ஆறியதும் தலை, தட்டின் மேல் பூசிய மசகோடு சேர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் முனகும், சுற்றாது. டிஸ்க்கைக் கழற்றி உள்ளங்கையில் படுக்கவைத்து, மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு திருப்பு. ஒரு மளிகைக்கடைக் கணக்கு முழுவதையும் இப்படித்தான் மீட்டோம். சுற்றத் தொடங்கியதும் நிறுத்தாமல் நகல் எடுத்துவிட வேண்டும். அடுத்த முறை திரும்பும் என்று உறுதி இல்லை.

அமிகா 500 கணினியின் ஹார்டு டிஸ்க் பெட்டி பற்றியும் சொல்ல நினைத்தேன். இரண்டு நிமிடம்தான் என்று கை காட்டுகிறார்கள். அதை விட்டுவிட்டு அவசரமானதைச் சொல்கிறேன். அமிகாவின் அடியில் செருகிய 512 கிலோபைட் நினைவக அட்டையிலும், நம்மூரில் வந்த, 386 செயலி போட்ட பழைய கணினி போர்டுகளிலும், கடிகாரத்துக்காகப் பீப்பாய் வடிவில் ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசியும். கசிந்த காரம் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். பரணில் பழைய கணினி வைத்திருப்பவர்கள் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் முன் மூடியைத் திறந்து, அந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் கொஞ்சம் வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு சுத்தத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு விளிம்புகளை ரப்பரால் தேய்த்து மாட்டுங்கள். பெரும்பாலும் சிப்கள் உயிரோடுதான் இருக்கும். நன்றி, வணக்கம்.