பதினோரு வகுப்புகளுக்குள் ஒரு கல்லூரி வாழ்க்கை

[திரையில்: ஒரு பாடத்தின் வருகைப் பதிவேடு. வரிசையாக 45 கட்டங்கள்.]

வாரத்துக்கு 3 வகுப்புகள், ஒரு செமஸ்டருக்கு 15 வாரங்கள். ஆக, ஒரு பாடத்துக்கு 45 வகுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டுமென்றால் 34 வகுப்புகளில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். மீதி 11. நடன ஒத்திகை, கிரிக்கெட் போட்டி, காய்ச்சல், அக்காவின் திருமணம், கண்ணெதிரே கிளம்பிப்போன மின்சார ரயில் எல்லாமே இந்தப் பதினொன்றுக்குள்தான் அடங்கியாக வேண்டும்.

படிப்பையும் கொண்டாட்டத்தையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்று வீட்டில் கேட்டால் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேசுவார்கள். சீனியர்களிடம் கேட்டால், "கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம், வா" என்பார்கள். இரண்டு பேச்சாலும் பயனில்லை. சென்னைக் கல்லூரிகளைப் பொறுத்தவரை இது முதலில் நாட்காட்டிக் கணக்கு. குணமும் ஒழுக்கமும் அப்புறம்தான்.

[திரையில்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாட்காட்டி. விழாக்கள் ஒவ்வொன்றாக வந்து நிரம்புகின்றன.]

ஜனவரியில் கிண்டி ஐ.ஐ.டி.யில் சாரங். 1974-இல் மார்டி கிரா என்ற பெயரில் தொடங்கி, 1996-இல் பெயர் மாறிய கலை விழா. அதை ஒட்டி எல்லாக் கல்லூரிகளிலும் பொங்கல்: வேட்டி, சேலை, வளாகத்தின் நடுவே பானை, துறைக்குத் துறை கோலப் போட்டி. பிப்ரவரியும் மார்ச்சும் நெரிசலான மாதங்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் டெக்கோஃபெஸ் 1948-இலேயே தொடங்கியது. அதைப் போன்ற கலை விழாக்கள், ஒவ்வொரு துறையும் கருத்தரங்கு, போட்டி என்று நடத்தும் சிம்போசியங்கள், விளையாட்டு விழா, ஆண்டு விழா, இறுதியாண்டு மாணவர்களுக்குப் பிரிவு உபசாரம் என்று அடுத்தடுத்து வரும். நடுவே இன்டர்னல் தேர்வுகள். ஏப்ரலில் மாதிரித் தேர்வு.

ஆடியில் தொடங்கும் செமஸ்டர் கொஞ்சம் சாது. ஓணத்துக்குப் பூக்கோலம், பட்டறையிலும் ஆய்வகத்திலும் ஆயுத பூஜை, தீபாவளி, பிறகு மழை. மழை விடுமுறை என்று துள்ள வேண்டாம். அதற்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு வரும். பாதி வகுப்பு காலியாக இருந்தாலும் அன்றைக்கும் வருகைப் பதிவு உண்டு.

இப்போது அந்தப் பதினொன்றுக்குத் திரும்புவோம். விழா நாட்கள் அதைத் தொடுவதே இல்லை. அன்று பாடம் நடந்தால்தானே! அதைத் தின்பது ஒத்திகை. ஒரு குழு நடனத்துக்கு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு பிற்பகல் என்று கொள்ளுங்கள். ஒத்திகை நேரம் மாறாது, கால அட்டவணையும் மாறாது. அதனால் ஒவ்வொரு முறையும் அடிபடுவது அதே பாடம்தான். ஆறு பெருக்கல் இரண்டு, பன்னிரண்டு. மற்ற பாடங்களில் 90 சதவீதத்தோடு நிம்மதியாக இருப்பீர்கள். இந்த ஒன்றில் 73.

[திரையில்: 45 கட்டங்களில் 12 சிவப்பாகின்றன.]

இது ஆபத்தா இல்லையா என்பது உங்கள் கல்லூரி விதியைப் பொறுத்தது. சில இடங்களில் எல்லாப் பாடங்களையும் கூட்டி மொத்த வருகையைப் பார்ப்பார்கள்; சில இடங்களில் பாடவாரியாக. ஐ.ஐ.டி.யில் பாடவாரியாக 85 சதவீதம் கேட்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் உடல்நலக் குறைவு, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு 65 வரை தளர்வு உண்டு. முதல் வாரத்தில் கொடுக்கும் விதிமுறைக் கையேட்டை யாரும் பிரிப்பதில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

மதிப்பெண்ணிலும் இதே கதைதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துத் தேர்வுப் பாடங்களில் 40 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு, 60 செமஸ்டர் தேர்வுக்கு. விழா வாரத்தில் விட்டுப்போன இன்டர்னலைக் கடைசி இரவுப் படிப்பால் ஈடுகட்டிவிடலாம் என்ற பழைய நம்பிக்கை இந்தக் கணக்கில் செல்லாது. அரியர் விழுந்தால் அடுத்த ஆண்டு விழாக் காலத்தில் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

அதனால் என் கட்சி இது: ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு மேடை. ஊரில் நடக்கும் எல்லாக் கல்ச்சுரல்ஸுக்கும் கூட்டமாகப் போய்வருவதைவிட, உங்கள் துறையின் சிம்போசியத்தை நடத்தும் குழுவில் இருப்பது மேல். அரங்கம் கேட்டுக் கடிதம் எழுதுவது, விளம்பரதாரரிடம் போய் நிற்பது, மைக் வேலை செய்யாதபோது கூட்டத்தைச் சமாளிப்பது இவையெல்லாம் எந்தத் தாளிலும் இல்லாத பாடங்கள்.

[திரையில்: தாம்பரம் வளாகத்து மரங்கள்.]

இந்தக் கூட்டு வாழ்க்கையைப் படிப்புக்கு எதிரியாகப் பார்ப்பதும் சரியல்ல. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் 365 ஏக்கருக்குப் போனபோது, மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கிப் பழகுவதையும் கல்வியின் பகுதியாகவே திட்டமிட்டது. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதிகளுக்கிடையே அன்று தொடங்கிய போட்டியும் பெருமையும் இன்றும் ஓயவில்லை. அங்கே படித்த இருவர் சந்தித்தால் "எந்த ஹால்?" என்பதுதான் முதல் கேள்வி. ஐ.ஐ.டி.யில் கங்கா, காவேரி, நர்மதா என்று நதிகளின் பெயரைத் தாங்கிய விடுதிகள் விளையாட்டுக்கு ஷ்ரோட்டர் கோப்பையிலும், கலை இலக்கியத்துக்கு லிட்சாக் போட்டிகளிலும் மோதுகின்றன.

ஆனால் இவையெல்லாம் விடுதி மாணவர்களின் உலகம். அங்கே ஒத்திகை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும்; வருகைப் பதிவு தப்பிவிடும், தூக்கம்தான் போகும். திருவள்ளூரிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ தினமும் ரயிலில் வந்துபோகிறவருக்கு ஒன்பது மணி என்பது வீட்டில் சாப்பிட்டு முடிக்கிற நேரம். பெண்களுக்கு ஆறரை மணிக்கே வீட்டிலிருந்து தொலைபேசி வந்துவிடும். "நீ எதிலும் கலந்துகொள்வதே இல்லை" என்று இவர்களைக் குறைசொல்வது எனக்கு எரிச்சலூட்டும். ஒத்திகையை இரவில் வைத்தவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்? மதிய இடைவேளையில் கூடும் வினாடிவினா மன்றம், தமிழ் மன்றம் போன்றவை இவர்களுக்குக் கைகொடுக்கும். நாட்டு நலப்பணித் திட்டமும் அப்படித்தான்: ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்று அளவு முன்கூட்டியே தெரியும். வீட்டில் சொல்லி அனுமதி வாங்கவும் எளிது.

[திரையில்: மாநகரப் பேருந்து.]

எல்லா மரபும் காப்பாற்ற வேண்டியதல்ல. பஸ் தினம், தினமும் ஏறும் பேருந்தின் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலை போட்டு இனிப்புக் கொடுக்கும் நாளாக இருந்தது. பிறகு அது கூரை மேல் ஆட்டமாகவும், பேருந்துத் தடத்துக்கு யார் தலைவன் என்ற 'ரூட் தல' சண்டையாகவும் சீரழிந்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்தும் நிற்கவில்லை. 2019 ஜூனில் பேருந்துக் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கத்துக்காக வாதாட என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ராகிங் பற்றியும் அவ்வளவுதான். 1997 முதல் தமிழ்நாட்டில் அதற்கெதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது.

படிக்க இடமில்லை என்பது இன்னொரு குறை. விடுதியில் சத்தம், வீட்டில் தொலைக்காட்சி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. தேர்வுக் காலத்தில் இடம் கிடைக்கக் காலையிலேயே போய்விடுவது நல்லது.

கடைசியாக, ஓ.டி. படிவம்: கல்லூரி சார்பில் வெளியே போன நாளையும் வருகையாகக் கணக்கிடக் கேட்கும் 'ஆன் டியூட்டி' விண்ணப்பம். வேறு கல்லூரி நிகழ்ச்சிக்குப் போகிறீர்கள் என்றால் துறைத்தலைவர் கையெழுத்தைப் போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். திரும்பிய வாரமே பங்கேற்புச் சான்றிதழின் நகலை இணைத்து வகுப்பு ஆலோசகரிடம் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். ஏப்ரலில் ஏழெட்டுப் படிவங்களை மொத்தமாக நீட்டினால், அவர் அவற்றை வாங்கக்கூட மாட்டார்.