டெண்டரில் போன ஆண்டுகள்

அவையோருக்கு வணக்கம். பிஎஸ்என்எல் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அரசு ஊழியர் வேலை பார்க்கமாட்டார், அதனால் நிறுவனம் படுத்துவிட்டது என்பதுதான் ஊரெல்லாம் உலவும் கதை. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை.

பிறப்பிலிருந்தே பாருங்கள். ஒரே துறையாக இருந்த தபாலும் தொலைத்தொடர்பும் 1985இல் பிரிந்தன. மறு ஆண்டே டெல்லியையும் மும்பையையும் எம்டிஎன்எல் என்று தனியே எடுத்துக்கொண்டார்கள். காசு கொழிக்கும் இரு நகரங்கள் போக, காடும் மலையும் தீவுமாக மிஞ்சிய இந்தியாவை 2000 அக்டோபர் 1 அன்று பிஎஸ்என்எல் ஏற்றுக்கொண்டது. செல்பேசித் தொழிலில் தனியார் இறங்கியது 1995இல். அரசுத் தரப்புக்கு அந்தக் கதவு நன்றாகத் திறந்ததே 1999 தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகுதான். பிஎஸ்என்எல்லின் செல்பேசிச் சேவையை 2002 அக்டோபரில் லக்னோவில் வாஜ்பாய் தொடங்கிவைத்தார். உள்வரும் அழைப்புக்கும் தனியார் காசு வாங்கிக்கொண்டிருந்த காலம், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏழு ஆண்டு பிந்தி வந்த செல்ஒன் சிம்முக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். 2004-05இல் நிகர லாபம் 10,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களும் இதே அரசு ஊழியர்கள்தாம்!

பிறகு ஏன் சறுக்கியது? கருவி வாங்க முடியவில்லை. எக்ஸ்சேஞ்சும் கோபுரமும் எத்தனை இணைப்புகளைத் தாங்குமோ அத்தனை பேருக்குத்தான் சிம் கொடுக்க முடியும். 2006இல் சுமார் 4.5 கோடி இணைப்புகளுக்கு டெண்டர் விட்டார்கள். தகுதி இழந்த கம்பெனி நீதிமன்றம் போனது. கடைசியில் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. அடுத்த டெண்டர் 9.3 கோடி இணைப்புகளுக்கு. 2010இல் அது முழுவதுமாக ரத்து. நாட்டில் மாதந்தோறும் ஒரு கோடிக்கு மேல் புது இணைப்புகள் சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது. தனியார் முதலாளி ஒரு வாரத்தில் முடிவெடுப்பதை இங்கே கோப்பு ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிந்தது. 2009-10இல் முதல் நஷ்டம்.

டெண்டர் விதிகளை நான் பழிக்கவில்லை. 1996இல் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் வீடுகளில் சிபிஐ கட்டுக்கட்டாகப் பணம் எடுத்த துறை இது, காவல் வேண்டும்தான். ஆனால் வீட்டுக்காரனே உள்ளே போக முடியாத காவலாக அது போய்விட்டது.

3ஜியில் இன்னொரு அடி. ஏலத்தில் தனியார் தங்களுக்கு வேண்டிய மாநிலங்களை மட்டும் கேட்டார்கள். பிஎஸ்என்எல்லுக்கு அந்த வசதி இல்லை. யாரோ ஏற்றிவிட்ட ஏல விலையைத் தான் சேவை தரும் எல்லா மாநிலங்களுக்கும் கட்ட வேண்டியிருந்தது. 3ஜிக்கும் அகன்ற அலைவரிசைக்கும் சேர்த்து 2010இல் ஏறக்குறைய 18,500 கோடி ரூபாய் கையைவிட்டுப் போனது.

ஊழியர்கள்தாம் பாரம் என்றவர்களின் விருப்பமும் நிறைவேறியது. 2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில், சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அதனால் 4ஜி வந்துவிட்டதா? அதே ஆண்டு 4ஜி டெண்டரும் ரத்தானது. உள்நாட்டுக் கருவிகள்தாம் வேண்டும் என்று முடிவாகி, அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையமான சி-டாட்டும், தேஜஸ், டிசிஎஸ் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு 4ஜி அமைப்பை உருவாக்கின. நல்ல முயற்சிதான். ஆனால் நாடு முழுவதற்குமான அந்த 4ஜி ஒடிசாவின் ஜார்சுகுடாவில் தொடங்கிவைக்கப்பட்ட நாள் 2025 செப்டம்பர் 27. தனியார் 5ஜி தொடங்கி அப்போது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.